கண்டீரவாவைக் காலி செய்யலாம், ஊரைக் காலி செய்யக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பெங்களூரு எஃப்சி அணி கண்டீரவா ஸ்டேடியத்தைக் காலி செய்துவிட்டு, பொம்மசந்திரா பக்கமோ ஆனேக்கல் பக்கமோ கால்பந்துக்கென்றே ஒரு ஸ்டேடியம் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், இதைப் பற்றி நான் எழுத வேண்டும் என்கிறீர்கள். ‘நீங்களும் ஓசூர்க்காரர்தானே, உங்களுக்கும் வசதிதானே’ என்று கடைசியில் ஒரு கொக்கி வேறு. வசதிதான், மறுக்கவில்லை. நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறதே என்பதால்தான் இந்த யோசனையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பெங்களூரு அணிக்குக் கை தட்டுவதா என்று உங்கள் கம்பெனியில் கிண்டல் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சென்னை நேரு ஸ்டேடியம் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கண்டீரவா நாற்பது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர் சாயங்காலம் ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் காலை வேலைக்கும் வந்து நிற்க முடிகிற தூரத்தில் இருக்கும் ஒரே பெரிய கால்பந்து அது. 2018 மார்ச் 17 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம் அதே கண்டீரவாவில்தான் நடந்தது. பெங்களூருவும் சென்னையின் எஃப்சியும் மோதின. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். அதன்பிறகு சென்னை அணியின் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையாலேயே பதில் சொன்னார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். கடைசி நேரத்தில் பெங்களூருவின் மிக்கு ஒன்று போட்டும் 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போனது. அன்று சென்னையின் நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். அன்றைக்கு ஓசூரில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வந்திருக்கும். எல்லை ஊருக்கு இது புதிதில்லை. கிண்டலை விட்டுத் தள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கண்டீரவாவை விட்டு அணி வெளியேற வேண்டுமா என்பது ஒன்று. வெளியேறினால் எங்கே போக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதில் நான் உங்கள் கட்சி. இரண்டாவதில் இல்லை.

கண்டீரவா 1997இல் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. கர்நாடக அரசின் சொத்து. தடகளத்துக்காகப் பிறந்த இடம், கால்பந்து அதில் பிறகு குடிவந்தது. நீங்கள் எழுதியிருப்பது போல கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது வெறும் சலிப்பு இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. தரமான 400 மீட்டர் ஓடுபாதையில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஆக உள்ளே கிடைக்கும் மொத்த நீளம் ஏறத்தாழ 157 மீட்டர். கால்பந்து ஆடுகளத்துக்கு வேண்டியது 105. மீதியைப் பாதியாகப் பிரித்தால் கோல் கோட்டிலிருந்து ஓடுபாதையின் உள்விளிம்புக்கே 26 மீட்டர். எட்டு ஓடுதடங்களுக்கு இன்னும் பத்து மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே குறைந்தது 36 மீட்டர். பக்கவாட்டில் அவ்வளவு மோசமில்லை, பன்னிரண்டு மீட்டர் சொச்சம்தான். அதனால்தான் வெஸ்ட் பிளாக் புளூஸ் ரசிகர் குழுப் பையன்கள் கொட்டும் மேளமும் போடும் கூச்சலும் ஆட்டக்காரர் காதில் விழுகிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஆடுகளத்தின் நான்கு மூலைகளும் வளைவின் உள்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்கின்றன. கார்னர் அடிக்க நாலு எட்டு பின்வாங்குகிற ஆட்டக்காரர் ஓடுபாதைமேல்தான் காலை வைத்தாக வேண்டும், அதுவும் அடியில் குமிழ் வைத்த பூட்ஸோடு. பாதையின்மேல் செயற்கைப் புல் விரிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சுருட்ட வேண்டும். நடுவில் மழை வந்தால் அடியில் தண்ணீர் தேங்கும். விளம்பரப் பலகைகள், கேமரா மேடைகள், ஒயர்கள் எல்லாம் அந்தப் பாதையைத் தாண்டித்தான் வந்து போகும்.

இப்போது தடகளப் பிள்ளைகள் பக்கம் நின்று பாருங்கள். ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு எல்லாம் வந்து விழுவது நடுவில் இருக்கும் புல்தரையில்தான். சங்கிலிக் குண்டு ஆண்களுக்கு ஏழே கால் கிலோ. அது விழுந்த இடத்தில் குழி விழும். கால்பந்துக்காரர்களுக்கோ அந்தத் தரை வழவழவென்று இருக்க வேண்டும். ஆகவே ஐஎஸ்எல் சீசன் வந்தால் எறிபவர்களுக்கு இடமில்லை, ஆட்ட நாளில் ஓடுபவர்களுக்கும் இடமில்லை. காலையில் வந்து கேட் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு நம் அணி கோப்பை வென்றால் என்ன, தோற்றால் என்ன? தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் போராடினார்கள், கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் அணி தன் உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம் என்று செய்தித்தாள்களில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் இழுபறியோடு கண்டீரவாவிலேயே ஆடினார்கள்.

அந்த நாட்களில் ரசிகர்களில் பலர் தடகளக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். ‘காலி கேலரியில் ஓடுகிறவர்களுக்காக இருபதாயிரம் பேரை விரட்டுவதா’ என்ற பேச்சு. எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. 2025 ஜூலை 5 அன்று அதே கண்டீரவாவில் நீரஜ் சோப்ரா கிளாசிக் ஈட்டி எறிதல் போட்டி நடந்தது. நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து வென்றார். நல்ல கூட்டம். ஈட்டி எறிதலுக்கும் டிக்கெட் வாங்கி வர ஆள் இருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் போட்டியை நடத்தியதில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்போர்ட்ஸுக்குப் பங்கு உண்டு. பெங்களூரு எஃப்சியும் ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தின் அணிதான். ஒரே முதலாளிக்கு ஒரே புல்தரையில் இரண்டு வேலை.

இதைச் சொன்னதும், ‘அங்கே நடந்ததெல்லாம் அவ்வளவு லேசாகத் தூக்கிப் போட்டுவிட முடியுமா’ என்று உங்களுக்குக் கோபம் வரலாம். லேசில்லைதான். 2015 மே 31 அன்று ஐ-லீக் பட்டம் யாருக்கு என்ற ஆட்டம். வென்றால் பெங்களூருவுக்கு, டிரா செய்தாலே மோகன் பகானுக்கு. ஜான் ஜான்சன் அடித்த கோலோடு பெங்களூரு முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது பெல்லோ ரசாக் தலையால் முட்டிச் சமன் செய்தார். கேலரியே வாயடைத்துப் போனது. மறு ஆண்டு அக்டோபர் 19 அன்று மலேசியாவின் ஜொகூர் அணியை 3-1 என்று கவிழ்த்து, ஏஎஃப்சி கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய அணி ஆனதும் இதே இடத்தில். 2023 ஜூலையில் தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதியில் குவைத்தை பெனால்டியில் இந்தியா வென்றதும் இங்கேதான். இதெல்லாம் நடந்த இடத்தின்மேல் பாசம் இருப்பது நியாயம். ஆனால் வாடகை வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்தோம் என்பதற்காக வீடு நமதாகிவிடாதே.

ஆகவே காலி செய்யட்டும். எங்கே போவது?

நீங்கள் சூர்யநகரைக் காட்டுகிறீர்கள். கர்நாடக வீட்டுவசதி வாரியம் பொம்மசந்திரா அருகே சூர்யநகரில் 1,650 கோடி ரூபாயில், எண்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தோடு ஒரு விளையாட்டு வளாகம் கட்டுவதற்கு 2025இல் அந்த மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. அது கிரிக்கெட்டை மனதில் வைத்து வந்த திட்டம். அந்த ஆண்டு ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடிய வாசலில் ஆர்சிபி கிரிக்கெட் அணியின் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் பதினோரு பேர் செத்த பிறகு, ஊர் நடுவே பெரிய ஸ்டேடியம் வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தது. பக்கத்திலேயே கால்பந்துக்கும் ஒன்று கட்டச் சொல்லலாமே என்பது உங்கள் யோசனை. பொம்மசந்திரா வரை மஞ்சள் வழி மெட்ரோ 2025 ஆகஸ்ட் 11 முதல் ஓடுகிறது. நமக்கு அங்கிருந்து அத்திப்பள்ளி, ஜுஜுவாடி, அப்புறம் வீடு.

நம் இருவருக்கும் அது சொர்க்கம்தான். ஆனால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். எலகங்காவிலிருந்து வருகிறவர், கெங்கேரியிலிருந்து வருகிறவர், ஒயிட்ஃபீல்டில் ஏழு மணிக்கு ஆபீஸ் விட்டு வருகிறவர் எல்லாருக்கும் ஊர் நடு ஏறத்தாழ ஒரே தூரம். ஊர் ஓரம் ஒரு திசைக்காரருக்கு மட்டும் பக்கம், மூன்று திசைக்காரருக்கு வெளியூர். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரை மணி வாக்கில் முடியும். கண்டீரவாவிலிருந்து கூட்டம் கப்பன் பார்க் மெட்ரோவுக்கும், கார்ப்பரேஷன் பஸ் ஸ்டாப்புக்கும், ஆட்டோவுக்குமாக நாலு பக்கமும் பிரிந்து பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். அதே கூட்டம் பொம்மசந்திராவில் வெளியே வந்தால் போக ஒரே சாலை, ஒரே ரயில். அந்த நேரத்தில் ஓசூர் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிய கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் அத்திப்பள்ளி டோலில் ஒன்றின்பின் ஒன்றாக நிற்பதை நாம் பார்க்காத ராத்திரி உண்டா?

நாம்கூட அங்கே அவ்வளவு சுகமாக வந்துவிட மாட்டோம். பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோவை நீட்டும் பேச்சு, இரண்டு பக்கத்து மின்சார முறையும் ஒத்துவராது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. தமிழ்நாட்டுத் திட்டம் மேலே ஒயர் கட்டி 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓட்டப் பார்க்கிறது. அது தீர்கிற வரைக்கும் அத்திப்பள்ளியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

எல்லைக்காரர்களான நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதை பெங்களூர்க்காரர் யோசிக்க மாட்டார். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரித் தீர்ப்புக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. பஸ்கள் ஜுஜுவாடியோடு நின்றன. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். இரண்டே நாள் கழித்து, 14ஆம் தேதி, கண்டீரவாவில் ஏஎஃப்சி கோப்பை காலிறுதி. சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியை பெங்களூரு 1-0 என்று வென்றது. ஊரடங்கு போட்ட ஊரில் ஆட்டம் நடந்தது. இங்கிருந்து அன்று போக வழியில்லை, அது வேறு. எனக்குத் தோன்றுவது இதுதான்: எந்த பந்த் வந்தாலும் முதலில் மறிக்கப்படுகிற சாலை ஓசூர் ரோடு, முதலில் கூட்டம் கூடுகிற இடம் அத்திப்பள்ளி. அந்தச் சாலை ஓரத்திலேயே அணியின் வீட்டைக் கட்டினால் எத்தனை ஆட்டம் தள்ளிப்போகும்?

பணத்தையும் பார்க்க வேண்டும். 2024-25 ஐஎஸ்எல் சீசனில் பதின்மூன்று அணிகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊரில் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒரு வருஷத்தில் பன்னிரண்டு சாயங்காலம், பிளே-ஆஃப் வந்தால் இன்னும் ஒன்றிரண்டு. அதற்காக ஒரு முழு ஸ்டேடியம், விளக்கு, புல், காவல், வட்டி. அதற்கு அடுத்த வருஷமோ லீக் நடக்குமா என்பதே தெரியாமல் போனது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இருந்த பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது; புதுப்பிப்பு இழுபறியில் ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் வேலைகளை நிறுத்தியது. சம்பளமே நின்றுபோன தொழிலில் நானூறு, ஐந்நூறு கோடிக் கட்டடத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஐரோப்பாவில் எல்லாரும் சொந்த ஸ்டேடியம் கட்டிக்கொண்டு போகிறார்களே என்கிறீர்கள். போகிறார்கள். எப்படிப் போனார்கள் என்றும் பார்க்க வேண்டும். இத்தாலியின் யுவென்டஸ் நம் கண்டீரவாபோல ஓடுபாதை சுற்றிய டெல்லே ஆல்ப்பி ஸ்டேடியத்தில் கிடந்து தவித்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 பேருக்கு, முன்னைவிடச் சிறியதாக, ஆடுகளத்தை ஒட்டிக் கேலரி வைத்து 2011இல் திறந்தார்கள். லண்டனின் வெஸ்ட் ஹாம் நேர் எதிர். 1904 முதல் ஆடிய அப்டன் பார்க்கை விற்றுவிட்டு 2016இல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். பெரிய இடம், அறுபதாயிரம் பேர். ஆனால் ஆடுகளம் எட்டிப் போய்விட்டது. 2018 மார்ச்சில் பர்ன்லிக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்களே மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். விம்பிள்டன் கதை இன்னும் கசப்பு: அணியையே மில்டன் கீன்ஸுக்கு இழுத்துக்கொண்டு போக அனுமதி கிடைத்ததும் ரசிகர்கள் தாங்களே ஒரு புது அணி தொடங்கி, கீழ் டிவிஷனிலிருந்து ஏறி, 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

நம் நாட்டில் இந்த இடமாற்ற வியாதி இன்னும் முற்றியது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே சிட்டியின் இடத்தில் ஹைதராபாத் வந்தது. அந்த ஹைதராபாத் 2021-22இல் கோப்பையும் வென்றது. 2025இல் மூட்டை கட்டி டெல்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. கோப்பை வாங்கிக் கொடுத்த ஊரையே மூன்று வருஷத்தில் விட்டுவிட்டுப் போகிற தொழிலில், 2013 முதல் ஒரே பெயரில் ஒரே ஊரில் நிற்கிற அணி பெங்களூரு. அதை ஊர் ஓரத்துக்கு இழுத்தால் என்ன என்று கேட்பது சுலபம்.

நான் சொல்கிற இடம் வேறு. கண்டீரவாவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது: அசோக் நகரில், கருடா மால் பக்கத்தில் இருக்கும் பெங்களூர் கால்பந்து ஸ்டேடியம். கர்நாடக மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் இடம். எட்டாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், செயற்கைப் புல். பெங்களூரு எஃப்சி 2013இல் பிறந்தபோது முதல் சீசனை ஆடியது அங்கேதான், முதல் சீசனிலேயே ஐ-லீக்கையும் வென்றது. ஓடுபாதை கிடையாது. கோட்டை ஒட்டி நின்று த்ரோ போடுகிறவரின் மூச்சிரைப்பு முன்வரிசைக்குக் கேட்கும். உள்ளூர் டிவிஷன் லீக் ஆட்டம் ஒன்று நடக்கிற மத்தியானம் போய்ப் பாருங்கள். சிமென்ட் படியில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ரெஃப்ரியைத் தமிழில் திட்டுவார்கள்.

ஏன் தமிழில்? அந்த வட்டாரம் அப்படி. ஆஸ்டின் டவுன், அல்சூர், கௌதமபுரம் என்று கண்டோன்மென்ட் காலத்திலிருந்து குடியேறிய நம் ஜனங்கள் கால்பந்தோடு வளர்ந்த தெருக்கள். கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை, 1948இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராக, அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர் ஆட்டக்காரர். ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய அகமது கானும் இந்த ஊர்தான். அந்தத் தெருப் பிள்ளைகள் அசோக் நகருக்கு நடந்தே வந்துவிடுவார்கள். பொம்மசந்திராவுக்கு அவர்கள் வர மாட்டார்கள், தம்பி. வருகிறவர்கள் கார் வைத்திருப்பவர்களாக இருப்பார்கள்.

எட்டாயிரம் பத்துமா என்று கேட்பீர்கள். பத்தாது. ஆனால் இரண்டு பக்கக் கேலரியை உயர்த்தி, கோல் பின்பக்கங்களை மூடிக் கட்டினால் பதினைந்தாயிரத்தை எட்ட முடியாத இடமில்லை அது. சாதாரண லீக் ஆட்டத்துக்குக் கண்டீரவாவிலேயே பாதி காலியாகக் கிடந்த நாட்கள் நிறைய. பாதி காலியான இருபத்தைந்தாயிரத்தைவிட நிரம்பி வழியும் பதினைந்தாயிரம் ஆட்டக்காரனுக்கும் நல்லது, டிவிக்கும் நல்லது. அரையிறுதி, இறுதி, இந்திய அணி ஆட்டம் என்று வந்தால் அன்றைக்கு மட்டும் கண்டீரவாவைக் கேட்டு வாங்கலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றால் தடகளக்காரர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். சங்கம் இடத்தைத் தர வேண்டும், கிளப் பணத்தைப் போட வேண்டும், இருபது முப்பது வருஷ ஒப்பந்தம் வேண்டும், உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு நாள் குறையக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். கடைசி நிபந்தனை இல்லையென்றால் கண்டீரவாவில் தடகளத்துக்கு நடந்ததே அசோக் நகரில் டிவிஷன் அணிகளுக்கு நடக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது. செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு இயற்கைப் புல் போட்டால் நாள் முழுக்க நாலு ஆட்டம் நடத்த முடியாது, அதனால் உள்ளூர் லீக்குக்கு அடி. சின்னசாமி விபத்துக்குப் பிறகு ஊர் நடுவே எதற்கு அனுமதி கேட்டாலும் போலீஸ் யோசிக்கும், அது நியாயம்தான். ஆனால் சின்னசாமியில் நடந்தது முப்பத்தைந்தாயிரம் பேர் கொள்கிற இடத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்து, யாரும் அதற்கு முன்யோசனை செய்யாததால் வந்தது. பதினைந்தாயிரம் டிக்கெட்டை விற்று, பதினைந்தாயிரம் பேரை உட்கார வைப்பது வேறு வேலை.

கடைசியில், ‘அப்படியானால் ஓசூருக்கு ஒன்றுமே கிடையாதா’ என்று நீங்கள் கேட்டிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பன்னிரண்டு சாயங்காலம் மட்டும் திறந்து, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஸ்டேடியம் பக்கத்தில் வந்தால் ஓசூருக்குக் கால்பந்து வந்துவிட்டதாக ஆகாது. மூக்கண்டப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி மனைகளில் ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் ஒடிசா, வங்காளம், அசாம் பையன்கள். நம்மூர்ப் பையன்கள் பக்கத்தில் கிரிக்கெட். செருப்பைக் குவித்துக் கோல் கம்பம். மனை விலைக்குப் போனதும் ஆட்டம் அடுத்த மனைக்கு நகரும். அந்த மனையும் எத்தனை நாளைக்கு? அந்திவாடியில் அரசு மினி ஸ்டேடியம் இருக்கிறது. சிப்காட்டிலிருந்து ஷிஃப்ட் முடிந்து போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வண்டியும் கடிகாரமும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற கம்பெனிகள் இங்கே இருக்கின்றன. சமூகப் பொறுப்பு நிதி என்று ஒவ்வொன்றும் வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறது.

ஆகவே பெங்களூரு எஃப்சிக்கு எழுத வைத்திருக்கும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதற்குப் பதில் உங்கள் கம்பெனி நண்பர்களிடம் கையெழுத்து வாங்கி ஓசூர் மாநகராட்சி ஆணையருக்கும் சிப்காட் அலுவலகத்துக்கும் ஒரு மனு எழுதுங்கள்: சிப்காட் எல்லைக்குள் 105-க்கு 68 மீட்டரில் ஒரு மைதானம், இரண்டு கோல் கம்பம், ராத்திரி பத்து மணி வரை விளக்கு, குடிதண்ணீர், கழிப்பறை. கேலரி வேண்டாம். ஒடியாவிலும் வங்காளத்திலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஓசூர்க்காரன்